பில் இல்லாத கேம் பெட்டிக்கு யார் பொறுப்பு?

பேட்டரி உப்பிய கேம் கன்சோலைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேங்கறார் சார்" என்று வருகிறவர்கள் திருவண்ணாமலையில் கூடிக்கொண்டே போகிறார்கள். பில் எங்கே என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உனக்கு எதுக்கு தம்பின்னு சொன்னாருங்க." ஒரு முழம் பூவுக்குப் பேரம் பேசுகிறவர்கள் முப்பதாயிரத்தை எண்ணி வைக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வது ஏனோ!

கோளாறு கம்பெனியிடமே தொடங்குகிறது. நின்டெண்டோ 2017 மார்ச்சில் ஸ்விட்ச் கன்சோலையும் 2025 ஜூனில் ஸ்விட்ச் 2-ஐயும் வெளியிட்டது. இரண்டையும் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. அமெரிக்காவில் ஸ்விட்ச் 2 வெளியானபோது 450 டாலர் என்று விலை வைத்தார்கள். இங்கே விற்பவர் சொல்வதுதான் விலை. வாரண்டியும் அவர் வாய்ச்சொல்தான்.

இந்தக் கம்பெனி விலையைத் தவறாக வைத்து வெளியிடுவதும் புதிதல்ல. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த நின்டெண்டோ 3டிஎஸ், ஆகஸ்டிலேயே 170 டாலருக்கு இறங்கியது. முந்தி வாங்கியவர்களுக்குப் பழைய விளையாட்டுகள் 20-ஐ இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அது கம்பெனி தானாகக் கொடுத்தது, வாங்கியவரின் உரிமை அல்ல. நம் சட்டத்திலும் விலை பின்னால் குறைந்தது என்பதற்காக மட்டும் நஷ்டஈடு கேட்க முடியாது. புதிதாக வந்ததை முதல் மாதமே வாங்கத் துடிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். ஏசஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி அலை (ROG Ally) என்ற கையடக்க கேம் கருவி 2023 ஜூலையில் இங்கே 69,990 ரூபாய்க்கு வந்தது. வெப்பத்தால் அதன் எஸ்டி கார்டு ரீடர் கெடலாம் என்று கம்பெனியே விரைவில் ஒப்புக்கொண்டது. ஆனால் பில்லோடு வாங்கியவருக்குப் போய் நிற்க ஒரு சர்வீஸ் சென்டர் இருந்தது. திருட்டு இறக்குமதியை வாங்கியவருக்கு அதுவும் இல்லை.

ஆகவே காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ரூபாயில் எம்ஆர்பி, இறக்குமதியாளரின் பெயர், முழு முகவரி, தயாரித்த நாடு, மாதம், ஆண்டு, புகார் சொல்லத் தொலைபேசி எண் எல்லாம் அச்சிலோ ஸ்டிக்கரிலோ இருக்க வேண்டும். 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. வீடியோ கேம் கருவிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று தெரிந்துவிடும். கிரிவலப் பாதைக் கடைகளில் தொங்கும் '400 விளையாட்டு' பெட்டிகளையும் இப்படியே சோதியுங்கள். ஸ்டிக்கர் இல்லை என்றால் வாங்காதீர்கள். 'ஷாப் வாரண்டி மூணு மாசம்' என்றால் அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாரண்டி இல்லை என்றே பொருள்.

ஏமாந்த பிறகு பலர் போகும் இடமே தவறு. எம்ஆர்பிக்கு மேல் விற்றாலோ பெட்டியில் விவரம் இல்லாவிட்டாலோ அது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு பார்க்க வேண்டிய வேலை, காவல் நிலையத்தின் வேலை அல்ல. பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஏமாற்றினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பொருள் வந்து பழுதாக இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கடைக்காரர் அதற்கு மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வெங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுக்கும் மனு மேசை மேசையாகச் சுற்றும். ஆணையத்தில் மனு போடுவதற்கான இரண்டாண்டுக் கெடு அதற்காகக் காத்திருக்காது. 1915-ல் புகார் பதிவு செய்வதாலும் கெடு நிற்காது. மறுபடியும் சொல்கிறேன்: இரண்டே ஆண்டுகள்.

ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், இ-ஜாக்ருதி தளத்திலும் போடலாம். முதலில் கடைக்காரருக்கு விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் ஒரு நோட்டீஸ். பிறகு மனுவோடு அதன் நகல், பணம் அனுப்பிய யுபிஐ விவரம், வாட்ஸ்அப் பேச்சு, பெட்டியின் ஆறு பக்கப் படங்கள், பழுது தெரியும் வீடியோ, உறுதிமொழிப் பத்திரம். பில் இல்லையே என்று பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற ரப்பர் ஸ்டாம்புக்கும் பயப்பட வேண்டாம். வேறு கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் சேரும். பேட்டரி வெடித்துப் பிள்ளையின் கை சுட்டால், தயாரிப்பாளர் நம் சட்டத்தின் கைக்கு எட்டாதவராக இருக்கும்போது, விற்றவர் மீதே பொறுப்பைச் சுமத்துகிறது 86-வது பிரிவு.

மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா. சலித்துப்போய் பாதியில் விட்டுவிடாதீர்கள், கடைக்காரர் அதற்குத்தான் காத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் முன்னால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். வெறும் இன்ஸ்டாகிராம் பெயரை வைத்து நோட்டீஸ் அனுப்ப முடியாது. பணம் கொடுக்கும் முன்பே கடையின் பெயர்ப் பலகையையும் அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.