டெங்கு ஜுரம் தணியும் வேளை

மழை ஓய்ந்து குளிர் தொடங்குவதற்கு இடைப்பட்ட செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில், டெங்கு ஜுரம் கண்டவர்களின் கூட்டம் டில்லி ஆஸ்பத்திரிகளில் ஆண்டுதோறும் பெருகக் காண்கிறோம். இந்நோய் நம் நாட்டிற்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1963-ஆம் ஆண்டிலேயே இரத்தக் கசிவுடன் கூடிய டெங்கு பரவியது. டில்லியில் 1996-இல் 10,252 பேர் நோயுற்றனர்; 423 பேர் மாண்டனர். 2023-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 2,89,000 பேருக்கு நோய் கண்டது. இறந்தோர் 485 பேர். நோய் பரவியும் மரண விகிதம் குறைந்ததேன்? நோயின் போக்கை நாட்கணக்கில் கவனித்து, வேண்டிய வேளையில் நீர் கொடுத்துக் காக்கும் முறை பரவியதே முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

அப்போக்கு யாது எனக் காண்போம். முதலில் திடீரெனக் கடும் ஜுரம் காய்கிறது. தலையிலும் கண்களின் பின்புறத்திலும் வலி. தசைகளிலும் மூட்டுகளிலும் உளைச்சல். சிலருக்குத் தோலில் செந்தடிப்பு. இஃது இரண்டு முதல் ஏழு நாள் நீடிக்கும். பெரும்பாலோர் இவ்வளவோடு தேறிவிடுவர். சிலருக்கோ, ஜுரம் தணியும் அவ்வேளையிலேயே நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிகிறது. இரத்தம் செறிவடைகிறது, நாடி தளர்கிறது. இந்நிலை 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். உயிருக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் இவ்வேளையில்தான்.

விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. முன்பு ஒரு வகையால் நோயுற்றவரை வேறொரு வகை பற்றின், நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தனியே அறையெடுத்துத் தங்கியிருப்பவர், ஜுரம் விட்டதும், “ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்வோம்” என்று ரயிலேறுவது இயல்பு. டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் முப்பது மணி நேரம் பிடிக்கும். கசிவு நிகழக்கூடிய காலமும் ஏறக்குறைய அதுவே! ஆதலின் ஜுரம் விட்டபின் இரண்டு நாளேனும் மருத்துவர் கண்பார்வைக்கு எட்டிய இடத்திலேயே தங்குதல் நன்று.

இந்தியில் ‘புகார்’ என்றால் ஜுரம். “புகார் கப் ஸே ஹை?” என்று டாக்டர் கேட்டால், ஜுரம் தொடங்கிய நாளைத் தவறாமல் கூற வேண்டும். எந்தச் சோதனை செய்வது என்பதையும் அந்நாட்கணக்கே தீர்மானிக்கிறது. முதல் ஐந்து நாட்களில் கிருமியின் புரதத்தைத் தேடுவர். பின்னர் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவர். தட்டணுக்கள் குறைந்தன என்ற ஒன்றைக் கொண்டே அஞ்ச வேண்டா. இரத்தத்தின் செறிவையும் நாடியையும் டாக்டர் சேர்த்தே நோக்குவார். ஜுரத்திற்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோபென் ஆகியவை இரத்தக் கசிவைத் தூண்டுமாதலின் அவற்றை விலக்குக. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி அருந்துக.

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டின் தெளிந்த நீரிலேயே பெருகுவது. கூலரையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை வடித்து, தேய்த்துக் கழுவுவோமாக. ஜுரம் தணிந்த நாளில் நோயாளியைத் தனியே விடாதிருப்போமாக.