சீன மரபு மருத்துவத்தில் பெண் நோயாளர்

பழைய சீன மருத்துவ நூலான ‘மஞ்சள் பேரரசரின் உள்நூல்’, ஆணின் வளர்ச்சியை எட்டெட்டு ஆண்டுகளாகவும் பெண்ணின் வளர்ச்சியை ஏழேழு ஆண்டுகளாகவும் கணக்கிட்டது. பெண்ணுக்கு 14 வயதில் பூப்பு. 49இல் மாதவிடாய் நிற்கும்.

ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ், பெண்களுக்குத் தனி மருந்துமுறைகள் வேண்டும் என்று கூறி, தம் பெருநூலில் அவற்றை முன்னால் வைத்தார். பெண்ணின் நோயைத் தீர்ப்பது ஆணின் நோயைத் தீர்ப்பதைவிடப் பத்து மடங்கு கடினம் என்பது அவர் கருத்து. மகப்பேறு மட்டுமன்றி, பெண்ணின் மிகுந்த உணர்ச்சிகளும் அதற்குக் காரணமாம்! அக்கறையோடு ஆணின் முன்முடிவும் இங்கே கலந்திருக்கிறது. 1237இல் சென் ஸிமிங் தொகுத்த நூல், பெண்ணுக்குக் குருதியே அடிப்படை எனக் கொண்டு, மாதவிடாயைச் சீராக்குவதையே சிகிச்சையின் முதற்படியாக்கியது.

பிற்காலத்தில் உயர்குடிப் பெண்களை ஆண் மருத்துவர்கள் நேரில் பார்ப்பதற்கும் தொடுவதற்கும் நாணமும் குடும்ப ஒழுக்கமும் தடையாயின. பெண் மருத்துவர்களுக்கு அத்தடை இல்லை. மிங் காலத்துத் தான் யுன்சியன், பாட்டியிடம் மருத்துவம் கற்றவர். அவர் 1511இல் எழுதி முடித்த நூலில் 31 நோயாளர் குறிப்புகள் உள்ளன, அனைவரும் பெண்கள். ஓயாத உழைப்பு, துயரம், கணவன் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதால் எழுந்த சினம் ஆகியவற்றை நோய்க்காரணங்களாக அவர் பதிந்தார். உணர்ச்சி இங்கே பெண்ணின் இயல்பான குறையாக அல்லாமல், அவள் வாழ்ந்த நிலைமையின் விளைவாகத் தெரிகிறது.