குழாய்க்குள்ளும் பசிக்கும்

எஸ்.பி.எம். முடித்து மருத்துவ ஆய்வுக்கூடத் துறைக்குப் போகும் பிள்ளைகள், “கருவியே கணக்குச் சொல்லும்போது அடிப்படை உயிரியல் எதற்கு?” என்பார்கள். இனிப்புநீர்ப் பரிசோதனையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் என்பது நீரிழிவின் எல்லை. ஆனால் குழாயில் எடுத்த ரத்தத்திலும் அணுக்கள் உயிரோடு இருக்கும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரையைத் தின்னும். பாடத்தில் கிளைகாலிசிஸ் என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். தோட்டத்துக் கிளினிக்கில் எடுத்த ரத்தம் சுங்கைப் பட்டாணி வந்துசேர இரண்டு மணி நேரமானால், 7.2 ஏறக்குறைய 6.4 ஆகிவிடும். கருவி அதையும் பிழையின்றி அளக்கும். நோயாளி நிம்மதியாக வீடு திரும்புவார்!

சாம்பல்நிற மூடிக் குழாயில் சோடியம் புளோரைடு இருக்கிறதே? அது தடுப்பது பிந்திய படியிலுள்ள ஈனோலேஸ் நொதியை. முதல் ஓரிரு மணி நேரம் சர்க்கரை குறையத்தான் செய்யும். ஐஸில் வைத்து, அரை மணிக்குள் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும்.