ஊரும் பேரும் சுட்டலாமோ?

அண்மைக்கால நாவல்களைப் பற்றி நம் வாசகர் கூறும் குறைகளைத் தொகுத்து நோக்குவோமாயின், அவை பெரும்பாலும் ஒரே வினாவில் வந்து முடிவதைக் காணலாம். “இது யாரைப் பற்றி எழுதியது?” என்பதே அவ்வினா. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் மகளின் கையிலிருந்த நூலை வாங்கிப் புரட்டும் தாயும், கொட்டாஞ்சேனையில் நடைபெறும் இலக்கியக் கூட்டத்திலே எழுந்து நின்று கேள்வி தொடுக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் வெவ்வேறு சொற்களால் இதனையே கேட்கின்றனர். நடை எத்தகையது, கதைக்கோப்பு எத்தகையது என்பன பின்னரே வரும். சில வேளைகளில் வருவதேயில்லை. சிறுவன் ஆடவனாவதும் சிறுமி பெண்ணாவதுமாகிய இடர்மிக்க பருவத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்களைக் குறித்து இவ்வினா இன்னும் உரத்து எழுகின்றது.

இதனை அறியாமை என்று தள்ளுவாரும் உளர். ஒழுக்கத்தின் காவல் என்று போற்றுவாரும் உளர். இரு சாராரும் இவ்வினாவின் வேரை நோக்கினாரல்லர். அவ்வேர் நம் இலக்கண மரபிலேயே உள்ளது.

அகமும் பெயரும்

அன்பின் ஐந்திணையைப் பாடும்போது ஒருவருடைய பெயரையும் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப் பெயர்களே அகப்பாட்டில் வரலாம். இவ்விதி எத்துணைக் கண்டிப்பாகப் போற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பிரிவுத் துயரால் வாடும் அரசியையும், பாசறையில் உறங்காது உலவும் அரசனையும் பாடும் அப்பாட்டு, பொருளால் முழுதும் அகமே. ஆயினும், அரசனோடு செல்வோன் ஏந்திய வேலில் வேப்பந்தார் கட்டியிருந்தது என்று புலவர் ஓரிடத்திற் கூறிவிட்டார். வேம்பு பாண்டியர்க்குரிய பூ. அந்த அடையாளம் ஒன்றினாலேயே அதனைப் புறமென்று கொண்டார் நச்சினார்க்கினியர்.

ஒரு பூவே பெயராகக் கொள்ளப்படும் மரபில் வந்தவர்களுக்கு நாவல் என்ன செய்கின்றது என்பதை எண்ணுக. தலைவிக்குப் பெயரிடுகின்றது, அவள் குடியிருக்கும் தெருவைச் சொல்லுகின்றது, அவள் ஏறும் பேருந்தையும் படிக்கும் கல்லூரியையும் காட்டுகின்றது. அகத்துக்குரிய பொருளைப் புறத்துக்குரிய முறையிலே கூறுவதே நாவலின் இயல்பு. வாசகர் சினம் இங்கேதான் பிறக்கின்றது.

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879), ஈழத்தின் முதல் நாவலாகச் சித்திலெவ்வை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ (1885) ஆகிய இரண்டும் தலைமகன் பெயரையே நூற்பெயராகக் கொண்டமை காண்க. எனினும் அசன்பே தொலைதேசத்தில் உலவியவன். நம் ஒழுங்கையில் வாழும் எவரையும் அவன் பெயர் சுட்டவில்லை.

பேச்சும் ஒரு பெயரே

ஈழத்து எழுத்தாளர் நம் ஒழுங்கைக்குள் வந்தது பின்னரே. சென்ற நூற்றாண்டின் அறுபதுகளின் தொடக்கத்திலே மூண்ட மரபுப் போராட்டத்தை மூத்த வாசகர் மறந்திரார். கதைமாந்தர் தத்தம் ஊரிலே பேசுமாறே பேசலாகாது என்றும், அது ‘இழிசனர் வழக்கு’ என்றும் எம்மினத்துப் பண்டிதர் சிலர் வாதிட்டனர். முற்போக்கு எழுத்தாளர் அதனை வன்மையாக மறுத்தனர். வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே நோக்கியே தொல்காப்பியம் இயற்றப்பட்டதென அதன் பாயிரம் கூறுவதைப் பண்டிதர் மறந்தது வியப்பே. ஆயினும் அவர்களுடைய அச்சத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஒருவனுடைய பேச்சு அவனுடைய ஊரையும் குலத்தையும் தொழிலையும் காட்டிவிடும். வேலிற் கட்டிய வேம்பு போல அதுவும் ஒரு பெயரே.

அக்காலத்திலேதான், 1961இல், எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ வெளிவந்தது. ஆடவன் ஒருவனுடைய பாலுணர்வின் வளர்ச்சியை ஒளிவுமறைவின்றிக் கூறிய அந்நாவல் ஆபாசமென்று கண்டிக்கப்பட்டது. அதன் கலைக்குறைகளைப் பற்றி வாதிட இடமுண்டு. ஆனால் அப்பருவத்திலே ஒரு பையனின் உள்ளம் படும் பாட்டை எவரேனும் எழுதத்தான் வேண்டும் என்பதை அன்று ஒப்புக்கொண்டவர் சிலரே.

வாசகர்க்கு விடையாக ஒரு நாவல்

வாசகர் சினம் இலக்கியத்துக்கு ஆக்கந் தந்த கதையும் உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையை எழுதினார். மழையிலே பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரிப் பெண்ணொருத்தி, முன்பின் அறியாத ஒருவனுடைய காரில் ஏறிக் கெடுக்கப்படுகின்றாள். வீடு வந்து தாயிடம் கூறுகின்றாள். தாய் அவள் தலையில் நீரை வார்த்து, நீ தூயவள் என்கின்றாள். இம்முடிவு தமிழ்நாட்டிலே பெரும் புயலைக் கிளப்பிற்று. தாய் இவ்வாறு செய்வாளா என்றனர் சிலர். செய்யலாமா என்றனர் பலர்.

ஜெயகாந்தன் இதற்கு விடையாக ஒரு நாவலையே எழுதினார். தாய் அவ்வாறு செய்யாமல், அலறி ஊரைக் கூட்டியிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகும்? அதுவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. தமையன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகின்றான். படித்து உத்தியோகம் பெற்றும் அவள் அந்த ஓர் இரவிலிருந்து மீளாதவளாக வாழ்கின்றாள். அவளுக்குக் கங்கா என்று பெயர். அவள் ஒரு சஞ்சிகையிலே ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் கதையைப் படித்து, அதிலே தன்னைக் கண்டு, தன் தாய்க்கும் படிக்கக் கொடுக்கின்றாள். “இது யாரைப் பற்றியது?” என்று வாசகர் கேட்ட வினாவுக்கு, “என்னைப் பற்றியது” என்று கதைமாந்தர் ஒருத்தியே விடை கூறுவதுபோல் இது அமைந்துள்ளது. இந்நாவலுக்கு 1972இல் சாகித்திய அக்காதமிப் பரிசு கிடைத்தது.

எல்லாச் சினமும் இவ்வாறு பயன் தருவதில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்து, நான்கு ஆண்டுகளின் பின்னரே எதிர்ப்புக்குள்ளாயிற்று. அது திருச்செங்கோடு என்று ஊரைப் பெயர் சொல்லிச் சுட்டியது. அடுத்த பதிப்பில் அப்பெயரை நீக்கிவிடுவதாக ஆசிரியர் கூறியும் எதிர்ப்புத் தணியவில்லை. 2015 ஜனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பே அவரை மீண்டும் எழுத வைத்தது.

நம் நகரத்துப் பெயர்கள்

நமக்கோ பெயரைப் பற்றிய அச்சம் நாணத்தால் மாத்திரம் வந்ததன்று. 1983 ஆடியிலே வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களை இந்நகரம் கண்டது. அன்று ஒரு பெயரும், ஒரு சொல்லை நா உச்சரித்த முறையும் உயிரையே கொள்ளக்கூடியனவாக இருந்தன. அவ்வச்சத்தை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவர், ஒரு நாவல் தம் தெருவைப் பெயர் சொல்லும்போது துணுக்குறுவாராயின் அவரை நகைத்தல் தகாது.

அந்த ஆடியிலே முடிவடைவது ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஃபன்னி போய்’. மற்றப் பையன்களைப் போல் அல்லாத தன் இயல்பை மெல்ல மெல்ல உணர்ந்து வளரும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜியின் கதை அது. 2020இல் தீபா மேத்தா அதனைத் திரைப்படமாக்கினார். அப்போது தமிழரிடையே எழுந்த கண்டனம் ஊன்றி நோக்கத்தக்கது. முதன்மைப் பாத்திரங்களில் தமிழர் நடிக்கவில்லை, பேசப்பட்ட தமிழ் நம் தமிழாக இல்லை என்பதே அக்கண்டனம். எங்களைப் பெயர் சொல்லிக் காட்டுவதாயின் எங்கள் நாவாலேயே பேச விடுங்கள் என்றனர். ‘இழிசனர் வழக்கு’ என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட பேச்சு, இன்று உரிமையாகக் கேட்கப்படுகின்றது.

ஆசிரியர் கடன்

மாணவர் கையிலே இத்தகைய நூலைக் காணும் ஆசிரியர் யாது செய்தல் வேண்டும்? பறித்து வைத்தல் எளிது. பறித்த நூலை மாணவர் வேறிடத்தில் பெற்றுப் படிப்பர் என்பதும், படித்தபின் நம்மிடம் ஒரு வினாவும் கேட்கமாட்டார் என்பதும் உறுதி. இப்பருவத்துப் பிள்ளைக்கு நேர்ந்த இடரைச் சொல்ல ஒருவரும் இல்லாத நிலையே நூலினும் கொடியது. கங்காவின் கதை நமக்குக் கற்பிப்பது அதுவே.

மேல்வகுப்பு ஆசிரியர்க்கு ஒரு முறையை முன்வைக்க விரும்புகின்றேன். மகளைப் பிரிந்த தாய் புலம்பும் சங்கப் பாட்டுக்கள் சிலவற்றையும் ‘அக்கினிப் பிரவேச’த்தையும் அடுத்தடுத்துப் படிப்பியுங்கள். பெயரில்லாத சங்கத் தாயின் துயரிலே எந்தத் தாயும் தன்னை வைத்துப் பார்க்கலாம். பெயர் கூறாமையின் பயன் அதுவே. நாவலைப் படிக்கும்போது மாணவர் முதலிலே, “இவள் யார்?” என்றே கேட்பர். கேட்கட்டும். அதன்பின், “இவள் நிலையில் நானிருந்தால் யாரிடம் சொல்லியிருப்பேன்? இத்தாயின் நிலையில் நானிருந்தால் என்ன செய்திருப்பேன்?” என்று கேட்கப் பழக்குங்கள். அவ்வினாவைக் கேட்டவுடன் அவர்கள் பெயரைக் கடந்து அகத்துக்குள் வந்துவிடுகின்றனர்.

ஆகவே ஊரும் பேரும் சுட்டலாம். சுட்டுவோர் உண்மையாகச் சுட்டுதல் வேண்டும். படிப்போர் அப்பெயரோடு நின்றுவிடாதிருத்தல் வேண்டும். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ, பாடசாலை நூலகத்திலோ ஒரு நாவலைச் சினந்து மூடிவைக்கும் வாசகர், தம் சினத்துக்குக் காரணம் அதில் வரும் பொய்யா, அன்றித் தாம் அறிந்த மெய்யா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், அந்நூலைத் திரும்பத் திறப்பதற்கு அதுவே போதிய காரணமாகும்.