ஜன்னலை உள்ளே வைத்த வினைச்சொல்

ஒருவரைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே வீசுவதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு: டிஃபெனெஸ்ட்ரேட். லத்தீனில் ‘ஃபெனெஸ்ட்ரா’ என்றால் ஜன்னல். முன்னால் ஒட்டிய ‘டி’க்கு ‘அதிலிருந்து’ என்று பொருள். (நம் ‘ஜன்னல்’ வேறு வழியில் வந்தது, அது போர்த்துக்கீசிய ‘ஜனேலா’.)

இந்தச் செயலுக்குத் தனிச்சொல் எதற்கு என்று கேட்டால், பிராக் நகரத்துக்குத்தான் போகவேண்டும். 1618 மே 23. தங்கள் மத உரிமை பறிபோகிறது என்று கொதித்த பொஹீமியாவின் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் புகுந்தார்கள். ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் பிரதிநிதிகளான மார்ட்டினிட்ஸ், ஸ்லாவட்டா இருவரையும் ஜன்னலுக்கு வெளியே வீசினார்கள். ஸ்லாவட்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். விரல்களில் அடித்து விழவைத்தார்கள். உடனிருந்த செயலர் ஃபாப்ரிசியஸும் தப்பவில்லை. ஏறக்குறைய 70 அடி உயரம். ஆனால் மூவருமே பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிக்கொண்டாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள். கீழே கிடந்த குப்பைமேடு தாங்கியது என்றார்கள் மற்றவர்கள். பின்னாளில் ஃபாப்ரிசியஸுக்குக் கிடைத்த பிரபுப் பட்டத்திலேயே ‘உயரத்து வீழ்ச்சி’ என்ற பொருள் இருந்தது. ஐரோப்பாவைச் சீரழித்த முப்பதாண்டுப் போர் இங்கிருந்துதான் மூண்டது. அதே ஊரில் 1419இலும் இப்படி நடந்திருக்கிறது. அப்போது வீசப்பட்ட நகரசபை உறுப்பினர்கள் பிழைக்கவில்லை.

இன்று இந்தச் சொல்லை அதிகம் பார்ப்பது அரசியல் செய்திகளில். பதவியில் இருப்பவரை அவருடைய ஆட்களே திடுமெனக் கவிழ்த்தால் இதைப் போடுவார்கள். 11 ஆண்டுகள் பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் 1990இல் சொந்தக் கட்சியின் நெருக்குதலால் விலக நேர்ந்ததற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பதவிக்காலம் முடிந்து இறங்குபவருக்கும், தேர்தலில் தோற்றவருக்கும் பொருந்தாது. தள்ளுகிற கை ஒன்று இருந்தாகவேண்டும். நேர்ப்பொருளிலும் அப்படித்தான்: கால் இடறி ஜன்னலிலிருந்து விழுந்தவரை யாரும் டிஃபெனெஸ்ட்ரேட் செய்யவில்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜன்னல் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஜன்னல் வழியாக டிஃபெனெஸ்ட்ரேட் செய்தார்கள்’ என்று எழுதினால், அது நாம் பேச்சில் சொல்லும் ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ மாதிரி ஆகிவிடும்.