ஹால் கதகத, பாப்பா ரூம் ஜில்ஜில்... ஸ்மார்ட் வால்வு வாங்கியும் குளிர் போகாதது ஏன்?

நான் சென்னையில் ஃபேனை 5-ல் வைத்துக்கொண்டு வீடியோ கால் பேச, கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அக்கா ஸ்வெட்டர், சாக்ஸ் சகிதம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளிக்குள் சுருண்டிருந்த 8 மாதக் குழந்தை.

"ஹால்ல டி-ஷர்ட்டோட இருக்கலாம்டா. பாப்பா ரூம் மட்டும் 15 டிகிரி. புதுசா வாங்கின ஸ்மார்ட் வால்வுல 19-னு வெச்சிருக்கேன். முழுசா திறந்திருக்குன்னு ஆப் சொல்லுது. ரேடியேட்டரைத் தொட்டா ஐஸ்!"

குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அக்காவின் பதற்றம் நியாயமானதுதான்.

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் கேஸ் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதை ஒவ்வொரு அறைச் சுவரிலும் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்பும். பாய்லரை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். அது பெரும்பாலும் ஹாலிலோ நடையிலோதான் இருக்கும்.

ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் திருகு வேறு சமாசாரம். உள்ளே இருக்கும் மெழுகோ திரவமோ அறை சூடானதும் விரிந்து, ஒரு ஊசியை அழுத்தி, வெந்நீர் வரும் வழியை அடைக்கும். கரன்ட்டே வேண்டாம். டான்ஃபோஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டென்மார்க்காரர் மாட்ஸ் கிளாவ்சன் 1943-ல் உருவாக்கியது இது. ஸ்மார்ட் வால்வில் மெழுகுக்குப் பதில் பேட்டரி, குட்டி மோட்டார், சென்சார். நேரத்தையும் டிகிரியையும் போனிலேயே மாற்றலாம்.

அக்கா வீட்டுச் சிக்கல் இதுதான். ஹால் சூடானதும் தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்திவிடுகிறது. அதன்பின் பாப்பா ரூம் வால்வு எவ்வளவு திறந்திருந்தாலும் வெந்நீர் வராது. மோட்டார் போடாமல் குழாயைத் திறந்துவைத்த கதை!

வால்வே பாய்லரிடம் 'இங்கே குளிருது' என்று கேட்க முடியாதா? முடியும், இரண்டும் ஒரே சிஸ்டமாக இருந்தால். டாடோ, ஹைவ், டிரேட்டன் வைசர் போன்றவற்றில் தெர்மோஸ்டாட், வால்வு இரண்டும் கிடைக்கின்றன. அக்கா வீட்டில் தெர்மோஸ்டாட் ஒரு கம்பெனி, தள்ளுபடியில் வாங்கிய வால்வு வேறு கம்பெனி. அலெக்ஸா சொன்னால் இரண்டும் கேட்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. வாங்கும்போது 'பாய்லரை ஆன் செய்யச் சொல்லுமா?' என்று கேட்பதுதான் முக்கியம். அட்டைப்பெட்டியில் இருக்கும் 'ஸ்மார்ட்' என்ற வார்த்தையை நம்பிப் பயனில்லை.

நல்லவேளை, அக்காவுடையது ஸ்டாண்டில் நிற்கும் வயர்லெஸ் தெர்மோஸ்டாட். "அதைத் தூக்கிட்டுப்போய் பாப்பா ரூம்ல வை" என்றேன். (ஐடியா என்னுடையதல்ல. அங்கே ஹீட்டிங் வேலை பார்க்கும் நண்பர் சொன்னது.) கூடவே அவர் சொன்ன எச்சரிக்கை: தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் வால்வு முழுசாகத் திறந்தே இருக்க வேண்டும். ஒரு அறைக்கு இரண்டு நாட்டாமை கூடாது. வால்வு 19-ல் அடைத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட் 20-க்குக் காத்திருந்தால், அறை 20-ஐத் தொடவே தொடாது. பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும், கேஸ் பில் எகிறும்.

தெர்மோஸ்டாட் சுவரில் வயரோடு பதிந்திருந்தால்? ஹால் ரேடியேட்டரைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். ஹால் மெதுவாகச் சூடாகும், பாய்லர் கூடுதல் நேரம் ஓடும், மற்ற அறைகளுக்கும் வெந்நீர் போய்ச் சேரும். பாய்லரைத் திறந்து கைவைப்பது மட்டும் வேண்டாம். அது கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்களின் வேலை.

இன்னொன்று, வால்வை சோபாவோ திரைச்சீலையோ மறைத்தால் அங்கே தேங்கும் சூட்டை அறையின் சூடு என்று நினைத்து முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து வாய்ஸ் நோட்: "19 டிகிரிடா. பாப்பா கம்பளியை உதைச்சுத் தள்ளிட்டா!"

பாப்பாவுக்காக வாங்கிய ஸ்மார்ட் வால்வு இப்போது யாரும் படுக்காத சின்ன ரூமில் இருக்கிறது. 15-ல் வைத்திருக்கிறாள். ஒரேயடியாக அடைத்தால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். கழற்றிய பழைய திருகுகள் பத்திரமாக ஒரு டப்பாவில். வீட்டைக் காலி செய்யும்போது ஓனருக்கு மாட்டிக் கொடுக்க வேண்டுமே!