செஞ்சியில் இது எந்த ஆண்டு?

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையின் உச்சியைப் பார்த்து வாய் பிளப்பார்கள். எனக்கு ஊருக்குள் இருக்கும் தாலுகா ஆபீஸ்தான் பெரிய அதிசயம். 2025 ஜூலை 1 அன்று அங்கே பிறந்தது 1435-ஆம் ஆண்டு!

அச்சுப்பிழை இல்லை. இது பசலி ஆண்டு. அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லில் பிறந்த பெயர். ஹிஜ்ரி ஆண்டு நிலவின் கணக்கு. சுமார் 354 நாளில் முடிந்துவிடும். நெல்லோ சூரியனை நம்பி விளைவது. வரி கேட்கும் நாள் வருஷத்துக்கு 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போனால், பதினாறு பதினேழு வருஷத்தில் நாற்று நடும் வேளையில் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார். அதனால் முகலாயர்கள் வரிக்கென்றே சூரிய ஆண்டு ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

தக்காணத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஷாஜகான், 1636-இல். அன்று ஹிஜ்ரி 1046. அதே எண்ணிலிருந்து பசலி நடந்தது, ஹிஜ்ரி ஓடியது. 2025 ஜூலையில் ஹிஜ்ரி 1447. இடையில் விழுந்த 12 ஆண்டு, வருஷத்துக்கு 11 நாள் வீதம் ஏறக்குறைய 390 வருஷமாகச் சேர்ந்த பாக்கி. மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்வதுபோல, இந்த 12-ஐ வைத்தே பசலியின் வயதைச் சொல்லிவிடலாம்.

இதற்கிடையே செஞ்சிக் கோட்டை கைமாறியபடியே இருந்தது. 1649-இல் பீஜப்பூர், 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். பீஜப்பூரார் ஊருக்குப் பாதுஷாபாத் என்று புதுப்பெயர்கூட வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. ஒட்டியவை கணக்குச் சொற்கள். தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் அரபு, பாரசீக வழி வந்தவை. 1801-இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனதும், செஞ்சி தென்னாற்காடு மாவட்டத்தில் சேர்ந்தது. கலெக்டர் வந்தார், தாசில்தார் போகவில்லை. பரம்பரைக் கிராம அதிகாரிகளான கர்ணமும் மணியக்காரரும் 1980 வரை தாக்குப்பிடித்தார்கள். பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர்.

1993-இல் தென்னாற்காடு பிரிந்து, விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. இன்று செஞ்சிக்காரருக்குக் கலெக்டர் விழுப்புரத்தில், கோட்டாட்சியர் திண்டிவனத்தில். எம்.பி. தொகுதியோ ஆரணி, அந்த ஊர் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. எந்தக் கோட்டைச் சுவரும் ஊரை இத்தனை விதமாகச் சுற்றியதில்லை.

இந்த வருவாய் நிர்வாக இயந்திரத்தை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கும் சடங்குதான் ஜமாபந்தி. ‘வருவாய்த் தீர்வாயம்’ என்பது அதன் தமிழ்ப்பெயர். பசலி முடியும் தறுவாயில் ஒவ்வொரு கிராமக் கணக்கையும் அதிகாரி ஒருவர் சரிபார்ப்பார். எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல் முதல் எல்லாம் மேசைக்கு வரும். நிலம் அளக்கும் சங்கிலியையே அளந்து பார்ப்பதும் உண்டு. ஏன்? இழுத்து இழுத்து இரும்பு வளையங்கள் நீளும். 66 அடிச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டால் ஏக்கருக்கு 110 சதுர அடி பிசகும். பத்துக்குப் பதினொன்று அறை ஒன்று காணாமல் போன மாதிரி!

வீட்டுப் பெட்டியில் பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் பசலி என்று போட்டிருக்கும் எண்ணோடு 590-ஐக் கூட்டுங்கள். அந்தப் பசலி பிறந்த ஆங்கில ஆண்டு கிடைக்கும்.